பாலத்தில் நின்று சாதகம் பண்ணியவர்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். முன்வரிசையில் நாயன வித்வான்களை உட்காரவைத்துவிட்டு, என்னைச் சாக்ஸபோன் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான்.

சாக்ஸபோன் என்றால் நமக்குக் கத்ரி கோபால்நாத். நான் சொல்ல வந்தது சன்னி ராலின்ஸ் என்ற ஜாஸ்காரரை. 1930இல் நியூயார்க் ஹார்லெமில் பிறந்தவர். வாலிபத்தில் போதை, சிறை எல்லாம் பார்த்து மீண்டார். 1956இல் ‘சாக்ஸபோன் கொலோசஸ்’ இசைத்தட்டுக்கு வாசித்துப் பதிவு பண்ணினார். அதில் ஒன்று, சின்ன வயதில் அம்மாவிடம் கேட்ட கரீபியத் தீவு மெட்டு. அந்தத் தட்டால் அவர் புகழ் எங்கேயோ போய்விட்டது.

1959இல் கச்சேரியை நிறுத்திவிட்டார். வயது 28. கூட்டம் குறையவில்லை. ஊர் புகழ்கிற அளவுக்குத் தன் வாசிப்பு இல்லை என்று அவருக்கே பட்டுவிட்டது. வீட்டில் சாதகம், அதாவது வாசித்துப் பயிற்சி, பண்ணலாமென்றால் பக்கத்து வீட்டில் பிள்ளைத்தாச்சி. கருவியைத் தூக்கிக்கொண்டு வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் போனார். நம்ம திருநெல்வேலி சுலோச்சன முதலியார் பாலம் மாதிரி நினைக்காதீர்கள். அங்கே நடுவில் ரயில் ஓடும், கீழே கப்பல் போகும். நடைபாதையில் நின்று சில நாள் பதினைந்து மணி நேரம்கூட ஊதியிருக்கிறார். இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல்!

எங்கள் பெரியப்பா நாயனக்காரர். விடியுமுன் படித்துறையில் உட்கார்ந்து, நாயனத்தின் ஊதுவாயான சீவாளியை வாயில் ஊறவைத்து, ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். நம்ம சீவாளி கொறுக்கைத் தட்டை, இரட்டை நாக்கு. சாக்ஸபோனிலும் நாணல்தான், ஆனால் ஒற்றை நாக்கு. எச்சில் ஊறாமல் ரெண்டும் பேசாது. ஆனால் பெரியப்பாவால் ரெண்டு வருஷம் கச்சேரியை நிறுத்த முடியுமா? ஒரு முகூர்த்தம் தவறினால் அடுப்பு எரியாது. ராலின்ஸ் வீட்டில் அவர் துணைவி லூசில் வேலைக்குப் போனார். இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1962இல் ‘தி பிரிட்ஜ்’ (பாலம்) என்ற இசைத்தட்டு வந்ததும் சில விமர்சகர்கள், ‘பழைய வாசிப்புதானே’ என்றார்கள். எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். என்ன மாறியது என்று ஊதினவருக்கல்லவா தெரியும்!

பிறகு பம்பாய்ப் பக்கம் பவாய் ஆசிரமத்திலும் தங்கிப் போனார். 2001இல் இரட்டைக் கோபுரம் விழுந்தபோது அவர் வீடு சில தெரு தள்ளித்தான். 71 வயதில் சாக்ஸபோனை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினார். செப்டம்பர் 15இல் பாஸ்டனில் கச்சேரி!

2012க்குப் பிறகு நுரையீரல் விடவில்லை, மேடையை விட்டார். பெரியப்பாவுக்கும் கடைசியில் மூச்சு எட்டவில்லை. நாயனம் உறையிலேயே கிடந்தது. திண்ணையில் உட்கார்ந்து வெறும் சீவாளியை வாயில் வைத்துப் பீப்பீ என்று ஊதுவார். தெருப்பிள்ளைகள் சிரிக்கும். அவர் விரல்கள் மட்டும் மடியில் துளை தேடிக்கொண்டிருக்கும்.