பதினைந்து காசு ரோத்தான்

வணக்கம் நேயர்களே. பசியாறிக்கொண்டே கேட்பவர்கள் இருப்பீர்கள், பினாங்குப் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டு கேட்பவர்களும் இருப்பீர்கள். பள்ளிக்கூடத்து அடியைப் பற்றி வானொலியில் பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறு வருடம் அடி வாங்கிப் படித்தவன் நான். பிறகு முப்பது வருடம் இதே மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். ரோத்தான், அதாவது அடிக்கிற பிரம்பு, அதன் இரண்டு முனையும் எனக்குப் பழக்கம்.

1965-இல் முதலாம் ஆண்டில் சேர்ந்தேன். இப்போது செபராங் பிறை என்கிறோமே, அப்போது புரோவின்ஸ் வெல்லெஸ்லி என்பார்கள், அங்கே ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளி. தகரக் கூரை. மழை பெய்தால் பாடம் நின்றுவிடும், வாத்தியார் பேசுவது கேட்காது. ஆனால் அடிக்குக் காது தேவையில்லை, அது நடக்கும்.

நான்காம் ஆண்டில் ஒரு நாள் வாத்தியாரின் ரோத்தான் நுனி பிளந்துவிட்டது. எங்களுக்கெல்லாம் தீபாவளி. அவர் சட்டைப் பையில் கைவிட்டு இருபது காசை எடுத்து என்னிடம் நீட்டினார். “கடைக்குப் போய் நல்லதாப் பாத்து ஒண்ணு வாங்கிட்டு வாடா.”

யோசித்துப் பாருங்கள். நம்மை அடிக்கப்போகிற ரோத்தானை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். தோட்டத்து முனையில் ஒரு சீனர் கடை. கருவாட்டுக்குப் பக்கத்தில் ரோத்தான்கள் கட்டாகத் தொங்கும். இப்போது வண்ண வண்ண பிளாஸ்டிக் பிடியோடு விற்கிறார்களே, அந்த அலங்காரமெல்லாம் இல்லை, வெறும் குச்சிதான். பையன்களிடம் ஒரு சாஸ்திரம் உண்டு: மெல்லிசு கடிக்கும், தடித்தது இடிக்கும். கடியைவிட இடி தேவலை. ஆகவே தடித்ததைத் தொட்டேன். தவுக்கே, கடை முதலாளி, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அதை ஒதுக்கி, மெல்லியதாக ஒன்றை உருவினார். காற்றில் ஒரு வீச்சு. விஸ் என்றது. “இனி பாகுஸ்” என்றார். நல்ல சரக்காம்.

விலை பதினைந்து காசு. மீதி ஐந்து காசு. அந்த ஐந்து காசுதான் என்னைக் கெடுத்தது. ‘அசாம் பொய்’ என்கிற உப்புப் புளிப்புப் பழம் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு நடந்தேன். வகுப்புக்குள் நுழைந்தபோது கொட்டை கன்னத்தில் புடைத்துக்கொண்டிருந்தது. வாத்தியார் ரோத்தானை வாங்கினார், வளைத்தார், விட்டார். “மீதி எங்கடா?” வாயைத் திறக்க முடியவில்லை. புது ரோத்தானுக்கு முதல் போணி என் கைதான். தவுக்கே பொய் சொல்லவில்லை, நல்ல சரக்கு.

இந்த ரோத்தான் விஷயத்தில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். பிரம்பு பனை இனம். மரத்தைப் பற்றிக்கொண்டு காட்டில் கொடியாக ஏறும். மேலெல்லாம் முள். முள் உறையை உரித்தால் உள்ளே வழுவழுவென்று தண்டு. மூங்கில் மாதிரி உள்ளே குழல் கிடையாது, முழுக்கக் கெட்டி, அதனால்தான் வளையும், லேசில் ஒடியாது. ஆங்கிலத்தில் ‘ராட்டன்’ என்கிறார்களே, அதுவே மலாயிலிருந்து போன சொல்தான். நாற்காலி, கூடை, தொட்டில், எல்லாம் இதில்தான். சாயங்காலம் திடலில் நாங்கள் உதைத்து விளையாடிய தக்ரோ பந்தும் அதே பிரம்பில் பின்னியதுதான். காலையில் அது எங்களை அடித்தது, மாலையில் நாங்கள் அதை உதைத்தோம். கணக்கு நேராகிவிட்டதாக நினைத்துக்கொள்வோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் வயதுக்காரர்கள் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வரும். “அன்னைக்கு அடி வாங்கினதாலதான்யா இன்னைக்கு மனுசனா இருக்கோம்.” அடியாத மாடு படியாது என்பார்கள். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பார்கள். எங்கள் அப்பாவே பள்ளியில் சேர்க்கும்போது, “கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு மத்தத உரிச்சிடுங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்தவர்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. அடி வாங்கியும் பள்ளியில் தங்கியவர்கள்தான் இப்படிப் பேசுகிறோம். தங்காதவர்களை யார் கேட்டார்கள்?

என் பக்கத்தில் ஒருவன் உட்காருவான். தினமும் தாமதம், தினமும் இரண்டு அடி. விடியற்காலையில் அம்மாவோடு ரப்பர் மர நிரைக்குப் போய், கோப்பையில் உறைந்த ஒட்டுப்பாலை உருவிக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். விரலெல்லாம் கறுத்திருக்கும், வாடை வரும். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. ஏன் தாமதம் என்று யாரும் கேட்டதில்லை. உள்ளே வருவான், பையை வைப்பதற்கு முன்னால் கையை நீட்டுவான், வாங்கிக்கொண்டு உட்காருவான். ஐந்தாம் ஆண்டுப் பாதியில் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

பல வருடம் கழித்து புக்கிட் மெர்தாஜாம் சந்தையில் அவனைப் பார்த்தேன். காய்கறி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். தே தாரேக் குடித்தோம். பழைய வாத்தியாரைப் பற்றிப் பேச்சு வந்தது. திட்டுவான் என்று காத்திருந்தேன். “நல்ல மனுசன்டா. இன்னும் நாலு போட்டிருந்தா நானும் உன்ன மாதிரி படிச்சிருப்பேன்” என்றான்.

நேயர்களே, அவன் அதைச் சொன்னபோது எனக்குத் தேநீர் இறங்கவில்லை. படிக்க முடியாமல் போனதற்குக்கூடத் தனக்கு விழுந்த அடி போதாது என்று நினைக்கிறான். மறுபடியும் சொல்கிறேன், போதாது என்று நினைக்கிறான். ஒரு நாள் காலையில் யாராவது அவன் அம்மாவைப் பார்த்துப் பேசியிருந்தால் போதும். வாத்தியார் வீட்டுக்கும் அவர்கள் இருந்த லயத்து வரிசை வீட்டுக்கும் நடுவில் ஒரு கால்வாய்தான்.

இன்னும் இரண்டு பக்கம் கையில் இருக்கிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். வேகமாகச் சொல்கிறேன். 1959-ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளின்படி ரோத்தான் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான், அதுவும் தலைமையாசிரியரோ அவர் அனுமதித்தவரோ அடிக்கலாம். பெண் பிள்ளைகளை அடிக்கவே கூடாது. எங்கள் வகுப்புப் பெண்களைக் கேட்டால் சிரிப்பார்கள். சரி, அதை விடுங்கள்.

கடைசிப் பக்கம் நான் அடித்த பிள்ளைகளைப் பற்றியது. அதற்குத்தான் நேரம் இல்லாமல் போய்விட்டது. ஒன்று மட்டும். நான்காம் ஆண்டுப் பையன், தாமதமாக வந்தான். கையை நீட்டினான். மணிக்கட்டில் நீலப் பேனாவால் ஒரு கைக்கடிகாரம் வரைந்திருந்தான். வார், துளை எல்லாம் போட்டு, முள் சரியாக ஏழரையில் நின்றது. அதைப் பார்த்த பிறகும் அடித்தேன்.

தம்பி கையை ஆட்டுகிறார். வணக்கம்.