அக்கா அனுப்பிய குரல் பதிவு

நேயர்களுக்கு வணக்கம். நான் குழந்தைகள் மருத்துவர். தடுப்பூசி போட வருகிறவர்கள் இப்போதெல்லாம் குழந்தையின் கையை நீட்டுவதற்கு முன்னால் கைபேசியை நீட்டுகிறார்கள். அன்றைக்கு ஒரு தாய் நீட்டினார். "டாக்டர், இதைக் கொஞ்சம் கேளுங்களேன்."

ஒன்றரை நிமிடக் குரல் பதிவு. ஒரு பெண் அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறார். தான் ஒரு நர்ஸ் என்கிறார். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசியால் குழந்தைக்கு ஆட்டிசம் என்ற வளர்ச்சிக் குறைபாடு வரும் என்கிறார். பெயர் இல்லை, எந்த மருத்துவமனை என்பதும் இல்லை. "சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிடுங்கள்" என்பது மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

"யார் அனுப்பினார்கள்?"

"எங்கள் அக்கா."

அந்த நர்ஸ் யாரென்றே இந்தத் தாய்க்குத் தெரியாது. அவர் நம்புவது அக்காவை. அக்காவும் அக்கறையில்தான் அனுப்பியிருக்கிறார். பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020ல் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தங்கைக்கு அனுப்ப அந்த ஒன்று போதுமே!

பதிவில் இருந்தது பழைய சரக்கு. 1998ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டன் மருத்துவரும் மற்றவர்களும் 12 குழந்தைகளை வைத்து 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டது. 2010ல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. வேக்ஃபீல்டின் மருத்துவர் உரிமமும் பறிபோனது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. காரணம் உண்டு. இந்த ஊசியின் முதல் தவணை ஒரு வயதையொட்டிப் போடப்படுகிறது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படுவதும் ஏறக்குறைய அந்தப் பருவத்தில்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் பழம் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவரிடம் புள்ளிவிவரம் எடுபடாது. பேசித் தோற்றிருக்கிறேன்.

ஆனால் பயத்தைப் பேசித் தீர்த்த இடமும் உண்டு. டென்மார்க்கில், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கப் போடும் எச்பிவி தடுப்பூசியைப் பற்றிய பயம் தொலைக்காட்சியிலும் சமூக வலைதளங்களிலும் பரவி, போட்டுக்கொள்ளும் சிறுமிகள் பாதிக்கும் கீழே குறைந்தார்கள். 2017ல் சுகாதாரத் துறை ஃபேஸ்புக்கிலேயே இறங்கியது. கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்த பெண்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். தாய்மார்கள் கேட்டதற்கெல்லாம் அங்கேயே பதில் வந்தது. எண்ணிக்கை மறுபடி ஏறியது.

சரி, அந்தத் தாய்க்கு வருவோம். பதிவை முழுதாகக் கேட்டுவிட்டு, "இதில் எது உங்களைப் பயமுறுத்தியது?" என்றேன். அப்புறம் அரை மணி நேரம் பேசினோம். ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. ஊசி போட்டாயிற்று. கிளம்பும்போது திரும்பி நின்று, "இதையே ஒரு குரல் பதிவாகப் பேசித் தருவீர்களா? அக்காவுக்கு அனுப்பணும்" என்றார்.

என் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் முதலில் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தேன்.