நீங்கள் இப்போது எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள்?

வணக்கம். ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் நான் கேட்கும் கேள்வியையே இன்றைய காணொளிக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன். டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸில் உளவியலாளராகப் பணிபுரியும் நான், திரையில் முகம் தெரிந்ததும், நலம் விசாரிப்பதற்கு முன்பே, எந்த ஊரில், எந்த முகவரியில் அமர்ந்து பேசுகிறீர்கள் என்று கேட்டுவிடுவேன். பலருக்கு அது காவல் நிலைய விசாரணை போலப் படுகிறது; நியூஜெர்சி மாநிலத்தின் எடிசன் நகரிலிருந்து பேசும் ஒருவர், "போன வாரம் சொன்ன அதே வீடுதான் அம்மா, நான் எங்கே ஓடிவிடப் போகிறேன்" என்று சலித்துக்கொண்டார். அவருடைய சலிப்பு நியாயமானது. ஆனால் நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால், என் உரிமத்தையே இழக்க நேரலாம்.

அமெரிக்காவில் உளவியலாளருக்கு உரிமம் வழங்குவது மத்திய அரசு அன்று. அது மாநிலத்தின் அதிகாரம். மருத்துவத் தொழிலுக்கு உரிமம் கட்டாயம் என்று மாநிலம் விதிக்கலாம் என 1889இல் டென்ட் எதிர் மேற்கு வர்ஜீனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அடித்தளத்தின் மேல்தான் உளவியலாளர் சட்டங்களும் எழுந்தன. 1945இல் முதல் மாநிலமாகக் கனெக்டிகட் இயற்றிய அத்தகைய சட்டத்தை 1977இல் கடைசி மாநிலமாக மிசௌரி இயற்றியது. டெக்சாஸ் ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு நாடு முழுவதும் வண்டி ஓட்டலாம்; டெக்சாஸ் உளவியலாளர் உரிமத்தை வைத்துக்கொண்டு பக்கத்து ஓக்லஹோமாவில் இருப்பவரோடு காணொளியில்கூடச் சிகிச்சைப் பேச்சு நடத்த முடியாது. ஏனென்றால், சிகிச்சை பெறுபவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் சிகிச்சை நடக்கிறது என்று மாநிலங்கள் கருதுகின்றன. அவருடைய நிரந்தர முகவரியோ, தொலைபேசி எண்ணின் தொடக்க இலக்கங்களோ அதை மாற்றுவதில்லை. அந்த மணி நேரத்தில் அவர் உடல் எங்கே இருக்கிறது என்பதே கணக்கு.

2020இல் பெருந்தொற்று வந்தபோது பல மாநிலங்கள் அவசர ஆணைகள் மூலம் இந்த வேலியைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டன. ஆணைகள் காலாவதியானதும் வேலி மீண்டும் மூடிக்கொண்டது. பாதியில் நின்றுபோன சிகிச்சைகள் பல.

வேலியில் முறையாக ஒரு கதவு வைப்பதற்காக உருவானதுதான் சைபேக்ட் என்னும் மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தம். உளவியல் உரிம வாரியங்களின் கூட்டமைப்பு 2015இல் இதன் வரைவை ஏற்றது; ஏழு மாநிலங்கள் சட்டமாக்கினால்தான் நடைமுறைக்கு வரும் என்பது நிபந்தனை; 2019 ஏப்ரலில் ஏழாவதாக ஜார்ஜியா சேர்ந்தது; 2020 ஜூலையிலிருந்து அனுமதிகள் வழங்கப்பட்டன. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதில் உள்ளன. முனைவர் பட்டம், எந்தக் கட்டுப்பாடும் இல்லாத உரிமம், உளவியலாளர் உரிமத்துக்கான இ.பி.பி.பி. தேர்வில் 500 அல்லது அதற்கு மேல் மதிப்பெண், ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இல்லாத பதிவு ஆகியவை இருப்பவர் முதலில் இ-பாஸ்போர்ட் என்னும் சான்றிதழையும், அதன் மேல் பிற மாநிலத்தவரோடு காணொளியில் பணிபுரிவதற்கான ஏ.பி.ஐ.டி. என்னும் அனுமதியையும் பெற வேண்டும். நான் விண்ணப்பித்தபோது முன்னதற்கு 400 டாலரும் பின்னதற்கு 40 டாலரும் கட்டினேன். இருபது மாநிலங்களில் தனித்தனியாக உரிமம் வாங்குவதோடு ஒப்பிட்டால் இது மலிவு என்றுதான் சொல்வேன். ஆனால் இது உரிமம் அன்று, எல்லை கடக்கும் அனுமதி மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி எடிசன்காரரிடம் வருகிறேன். நியூஜெர்சி ஒப்பந்தத்தில் இருக்கிறது, நியூயார்க் இல்லை. அவர் வீட்டிலிருந்து பேசும் செவ்வாய்க்கிழமைகளில் எல்லாம் சரி. ஒரு வாரம் அவர் நியூயார்க்கில் உள்ள மன்ஹாட்டன் அலுவலகத்தின் கூட்ட அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மதிய உணவு நேரத்தில் இணைந்தார். அதே மனிதர், அதே மடிக்கணினி. நடுவே இருப்பது ஹட்சன் ஆறு மட்டுமே. அன்று நான் அமர்வை நடத்தவில்லை. மாலையில் அவர் ரயிலேறி வீடு திரும்பிய பிறகு பேசினோம். நியூயார்க்கும் கலிபோர்னியாவும் வெளியே நிற்பதால், நம்மவர்கள் நிறைந்திருக்கும் குவீன்ஸும் ஃப்ரீமான்ட்டும் இந்தக் கதவுக்கு அப்பால் நிற்கின்றன. தமிழில் பேசக்கூடிய உளவியலாளர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருக்கும்போது இது எனக்குப் பெரும் குறையாகவே தெரிகிறது.

என் உடல் இருக்கும் இடத்துக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. ஏ.பி.ஐ.டி.யின் கீழ்ப் பணிபுரியும்போது நான் உரிமம் பெற்ற என் சொந்த மாநிலத்தில் இருந்தாக வேண்டும். எனவே பொங்கலுக்கு மதுரை போயிருக்கும்போது, அம்மா வீட்டு மாடியில் இணைய இணைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், எடிசன்காரருடன் அங்கிருந்து இந்த அனுமதியின் கீழ் அமர்வு நடத்த முடியாது. நேரில் இன்னொரு ஒப்பந்த மாநிலத்துக்குப் போய்ப் பணிபுரிவதற்கு வேறோர் அனுமதி உண்டு. அதில் ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 நாள்கள்தாம்.

இவ்வளவு கெடுபிடி தேவையா என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சிகிச்சையில் இருப்பவர் இன்னொருவரைக் கொல்லப் போவதாகச் சொன்னால் உளவியலாளர் என்ன செய்ய வேண்டும்? அச்சுறுத்தலுக்கு உள்ளானவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976இல் டாரசாஃப் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் கூறியது. நியூஜெர்சி அத்தகைய கடமையைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. டெக்சாஸிலோ, அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1999இல் அப்படி ஒரு கடமையை ஏற்க மறுத்துவிட்டது. காவல்துறைக்கோ மருத்துவருக்கோ தெரிவிக்கச் சட்டம் அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. நான் டெக்சாஸில் பழகிய பழக்கத்திலேயே எடிசன் அமர்வை நடத்தினால் தவறிவிடுவேன். இன்னொன்றும் இருக்கிறது: டாலஸில் அமர்ந்து 911ஐ அழைத்தால் டாலஸ் அவசர மையம்தான் எடுக்கும். அதனால்தான் முகவரியோடு, அவருடைய ஊர்க் காவல் நிலைய எண்ணையும் முதல் நாளிலேயே குறித்துக்கொள்கிறேன்.

சைபேக்ட் உளவியலாளர்களுக்கு மட்டுமானது. ஆலோசகர்களுக்குத் தனி ஒப்பந்தம் இருக்கிறது. சென்னையில் இருக்கும் ஓர் ஆலோசகரிடம் வாட்ஸ்அப் காணொளியில் பேசுவதாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். மொழியும் குடும்பச் சூழலும் புரிந்த ஒருவரை நாடுவது இயல்பு. அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் முறையாகப் பதிவு செய்தவராகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பதிவை டெக்சாஸ் வாரியமோ நியூஜெர்சி வாரியமோ உரிமமாகக் கொள்ளாது. அங்கே ஏதாவது தவறு நடந்தால் நீங்கள் புகார் கொடுக்க இங்கே ஒரு வாசல் இருக்காது.

கல்லூரி விடுமுறைக்குக் கலிபோர்னியாவில் உள்ள பெற்றோர் வீட்டுக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. வேறு மாநிலத்தில் முனைவர் நிலையில் உரிமம் பெற்ற உளவியலாளர் ஒரு நாட்காட்டி ஆண்டில் 30 நாள்கள் வரை சேவை வழங்கக் கலிபோர்னியச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் உளவியலாளர் இதைத் தானாகச் சொல்லாவிட்டால், பயணச்சீட்டு எடுத்த வாரத்திலேயே நீங்கள் அவரிடம் கேளுங்கள். கிளம்பும் நாளில் கேட்டால், வாரியத்துக்கு எழுதி உறுதி செய்துகொள்ள அவருக்கு நேரம் இருக்காது.