புகைபோக்கிக்கு ஒரு தகரத் தொப்பி

வணக்கம் நேயர்களே. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் பழைய வீட்டுக் கூரைகளைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். செங்கல் புகைபோக்கிகள் சில வானத்தைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும். சிலவற்றின் மேல் நாலு செங்கல்லும் ஒரு கல் பலகையும் இருக்கும். தென்மேற்கு மழை ஓய்ந்த கையோடு வடகிழக்கு வந்துவிடும் மலை இது. வாய் வழியே இறங்கும் தண்ணீர், உள்ளே படிந்த கரியில் ஊறி அமிலத் தன்மை அடைந்து சுண்ணாம்புக் காரையை அரிக்கும். கணப்புக்கு மேலே சுவரில் காப்பிக் கறை மாதிரி பழுப்பு இறங்குவது இதனால்தான். அதன்மேல் எத்தனை பூச்சு பெயின்ட் அடித்தாலும் மறுபடி தலை காட்டும்.

தொப்பி போட்டால் மழை நிற்கும், அது சுலபம். புகைக்கு வழி விடுவதில்தான் கணக்கு இருக்கிறது. தொப்பியைச் சுற்றியுள்ள வலையின் திறந்த பரப்பு, புகைத்துளையின் பரப்பைப் போல நாலு மடங்காவது இருக்க வேண்டும். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு அளவு சொல்கிறேன். துளை 9 அங்குலத்துக்கு 9 அங்குலம் என்றால் பரப்பு 81 சதுர அங்குலம். நாலு மடங்கு 324. வலையைத் தாங்கும் இரும்புக் கூண்டைத் துளையின் அளவுக்கே செய்யாமல் 13 அங்குலச் சதுரமாகச் செய்யுங்கள். சுற்றளவு 52 அங்குலம். நாலு மூலைக் கால்களும் சேர்ந்து 6 அங்குலத்தை மறைக்கும், மிச்சம் 46. திறப்பின் உயரம் 9 அங்குலம் வைத்தால் 414. அதில் ஐந்தில் ஒரு பங்கு வலைக் கம்பிக்கே போய்விடும். கிடைப்பது ஏறக்குறைய 330. போதும்.

வலை அரை அங்குலக் கண் உள்ள வெல்டட் மெஷ்தான். கொசுவலை மாதிரி பொடிக்கண் வலை வேண்டவே வேண்டாம். ஈரமான கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சீகையோ (வாட்டில் மரம்) எரித்தால் தார் மாதிரி கரி படியும். பொடிக்கண் சீக்கிரமே அடைத்துக்கொண்டு புகை அறைக்குள் திரும்பும். புகையாவது கண்ணைக் கரித்து எச்சரிக்கும். கூடவே வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. வலைக்கண் அரை அங்குலத்தைத் தாண்டினாலோ பெரிய தீப்பொறி வெளியே பறக்கும், ரொம்பப் பெரிதானால் மைனாவே உள்ளே நுழையும்.

கூண்டுக்கு முக்கால் அங்குல ஆங்கிளில் (L வடிவ இரும்புச் சட்டம்) 11 அங்குலக் கால்கள் நாலு. மேலும் கீழும் ஒரு அங்குல ஆங்கிளில் சட்டம். கீழ்ச் சட்டத்தின் படுத்த விளிம்பு வெளிப்பக்கம் பார்க்கட்டும், கூண்டைப் புகைபோக்கியோடு பிடிக்கும் ஆணி அதில்தான் இறங்கும். வெல்டிங் முடிந்ததும் துத்தநாக பிரைமர் அடியுங்கள். ஜி.ஐ. தகட்டை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டை, மட்டும் வெல்டிங் செய்யாதீர்கள். அந்த வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் அன்று ராத்திரியே குளிரும் காய்ச்சலும் வரலாம்.

மூடிக்கு 24 கேஜ் ஜி.ஐ. தகடு, இரண்டடிச் சதுரம். செலவு தாங்குமானால் 304 ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். ஈரக் கரி துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். மூடி 17 அங்குலச் சதுரம், நடுவில் 3 அங்குலம் உயர்ந்த கூம்பு. தகட்டின் நடுப்புள்ளியிலிருந்து 12⅜ அங்குல ஆரத்தில், மூலைகளின் பக்கம் வில் இழுங்கள். ஒரு மூலையில் தொடங்கி வில்லின் மேல் 17 அங்குலமாக நாலு தடவை நேர்கோட்டில் தாண்டினால், தொடங்கிய இடத்துக்கு ஏறக்குறைய 3 அங்குலம் முன்னாலேயே நின்றுவிடுவீர்கள். பயப்பட வேண்டாம், அளவு தப்பவில்லை. அந்த இடைவெளியை மூடும்போதுதான் கூம்பு எழும்பும். அதில் ஒரு அங்குலத்தை மேலேறு தையலுக்கு (ஒரு விளிம்பு மற்றதன் மேல் ஏறும் இணைப்பு) விட்டு மீதியை நடுப்புள்ளி வரை வெட்டுங்கள். தாண்டிய நேர்கோடுகளுக்கு வெளியே விளிம்பில் அரை அங்குலம் விட்டு வெட்டி, அதைக் கீழே மடியுங்கள். அந்த மடிப்பு இல்லாவிட்டால் தண்ணீர் மூடியின் அடிப்பக்கமாகவே ஒட்டி ஓடிக் கூண்டுக்குள் வரும்.

தையலுக்கு இரண்டு அங்குலத்துக்கு ஒன்று என ஸ்டீல் பாப் ரிவெட். ஈயப் பற்று கூடாது, சூட்டில் உருகிவிடும். மூடியைக் கூண்டோடு நிரந்தரமாகப் பிணைக்காதீர்கள். மேல் சட்டத்தின் நாலு பக்க நடுவிலும் ஒரு பட்டையை வெளிப்பக்கமாகச் சரிவுக்கேற்ப வளைத்து வைத்து, போல்ட்டும் விங் நட்டும் (கையாலேயே திருகும் காது வைத்த நட்) போடுங்கள். போல்ட் துளையில் நீர் கசிந்தாலும் கூண்டுக்கு வெளியேதான் சொட்டும்.

மேலே ஏறும் முன் ஒரு நாள் முழுக்கக் கணப்பு அணைந்திருக்க வேண்டும். புகைத்துளையைத் துடைத்துவிட்டே ஏறுங்கள். நனைந்த ஓட்டில் கால் நிற்காது. முகட்டில் கொக்கி போட்ட ஏணி வேண்டும், கீழே ஆளும் வேண்டும். புகைபோக்கி உச்சியைச் சுத்தியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் 6 மில்லிமீட்டர் ஆங்கர் ஃபாஸ்ட்னர் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் இரும்பு ஆணி) போடலாம். நாலரை அங்குலச் சுவரின் நடுவாக, துளையிடும் மிஷினைச் சுத்தி ஓட்டத்தில் வைக்காமல், மெதுவாகத் துளையிடுங்கள். பிளாஸ்டிக் ஆப்பு சூட்டுக்கு ஆகாது. டொக்கென்று சத்தம் வந்தால் துளையே போடாதீர்கள், செங்கல் பிளக்கும். புகைபோக்கியின் கழுத்தைச் சுற்றி இரும்புப் பட்டை இறுக்கி, அதிலிருந்து நாலு பட்டை மேலே ஏற்றிக் கூண்டைப் பிடியுங்கள். மூடியின் தையல் விளிம்பு, உங்கள் வீட்டில் சாரல் அடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும்.

பிறகு கீழே வந்து இரண்டு தாள் செய்தித்தாளைக் கணப்பில் கொளுத்துங்கள். புகை நேராக மேலே போனால் வேலை சரி. அறைக்குள் வந்தால் ஒரு ஜன்னலைத் திறந்து மறுபடி பாருங்கள். இப்போது போகிறது என்றால் குறை தொப்பியில் இல்லை. அறைக்குக் காற்று போதவில்லை. அப்படியும் திரும்பினால் கணப்பை அணைத்துவிட்டு வலையையும் கூண்டின் திறப்பு உயரத்தையும் பாருங்கள். ஒவ்வொரு குளிர்காலமும் தொடங்குமுன் விங் நட்டைக் கழற்றி, மூடியைத் தூக்கி, வலையைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். கால் மணி நேர வேலை.