கடாரத்துக்கு ஏன் போனாங்க?

வணக்கம் நேயர்களே. ராஜேந்திர சோழன் கடாரம் ஜெயிச்ச கதை நம்ம எல்லாருக்கும் தெரியும், ஆனா ஏன் அவ்ளோ தூரம் போனாருன்னு கேட்டா வீரம்னு ஒரே வார்த்தைல முடிச்சிடறோம். எனக்கு அந்த ஏன்தான் முக்கியமா படுது.

கடாரம் அப்போ ஸ்ரீவிஜயத்தோட கைல இருந்துச்சு, அது சுமத்ராவ மையமா வெச்ச ஒரு கடல் ராஜ்யம். அந்த ஸ்ரீவிஜயத்துக்கும் சோழருக்கும் பரம்பரைப் பகைலாம் கிடையாது. ஸ்ரீவிஜய ராஜா நாகப்பட்டினத்துல சூடாமணி விகாரம்னு ஒரு பௌத்தப் பள்ளி, அதாவது துறவிகள் மடம், எழுப்பினாங்க, 1006 வாக்குல ராஜராஜன் அதுக்கு ஆனைமங்கலம்ங்கற ஊரையே எழுதிக் குடுத்தாரு. அந்த செப்பேட்டுல மொத்தம் 21 ஏடு, கோத்த வளையத்துல ராஜேந்திரனோட முத்திரை. ஊரோட எல்லைய எப்படி முடிவு பண்ணாங்கன்னா, ஒரு பெண் யானைய நடக்க விட்டு அது சுத்தி வந்த தடத்தோடயே, இந்த வாய்க்காலுக்கு மேற்கு, அந்த நிலத்துக்கு தெற்குன்னு வரி வரியா எழுதி வெச்சிருக்காங்க. வேற நாட்டு ராஜா கட்டின பள்ளிக்கு இவ்ளோ அக்கறை! ஆனா இருபது வருஷம் போகல, 1025-ல அதே ராஜ்யத்து மேல கப்பல் படை போகுது.

நடுவுல என்ன ஆச்சு? சீனாவுல சோங் அரசு வந்தப்புறம் கடல் வியாபாரம் ரொம்ப பெருசாயிடுச்சு, 1015-ல சோழ தூதுக்குழு அங்க போய் சேர்ந்துச்சு. ஆனா போற வழி மலாக்கா ஜலசந்தி, அதோட ரெண்டு கரையும் ஸ்ரீவிஜயத்தோட கைல. சரக்கு நம்மளுது, வாசல் அவங்களுது. மெய்க்கீர்த்தி, அதாவது ராஜாவோட வெற்றிகள புகழ்ந்து கல்வெட்டுல பொறிக்கற பாட்டு, காரணம் எதையும் சொல்லாது, "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி"ன்னு ஆரம்பிச்சு, புடிச்ச யானை, அள்ளின பொக்கிஷம், நகர் வாசல்ல இருந்த வித்தியாதரத் தோரணம்னு அடுக்கிட்டே போகும். அதனால கொள்ளையும் பேரும்தான் நோக்கம்னு சில ஆய்வாளர்கள் சொல்றாங்க. கொள்ளை அடிச்சது உண்மைதான், நான் மறுக்கல. ஆனா அதுல வர்ற ஊர்கள மேப்ல வெச்சுப் பாருங்க. நக்கவாரம்ங்கற நிக்கோபார் தீவுகள், சுமத்ரா வடமுனைல இலாமுரி, எதிர்க்கரைல கடாரம், அதாவது இன்னைக்கு மலேசியாவோட கெடா பக்கம், எல்லாமே அந்த கடல்வழிய காவல் காக்கற இடங்கதான். பொக்கிஷம் மட்டும்தான் வேணும்னா இத்தன துறைய அடிச்சிருக்க வேண்டாமே.

அந்த துறைமுகங்கள்ல குடும்பம் குட்டியோட இருந்த ஜனங்களுக்கு என்ன ஆச்சுன்னு மெய்க்கீர்த்தில ஒரு வரி கூட இல்ல. நாம பெருமையா பேசும்போது அதையும் சேத்து நினைக்கணும்.

ஸ்ரீவிஜய ராஜா சங்கிராம விஜயோத்துங்கவர்மன் புடிபட்டாரு, ஆனா சோழர் அங்க நிலையா ஆட்சி எதுவும் நடத்தல. 1068 வாக்குல வீரராஜேந்திரன் கடாரத்த ஜெயிச்சு, தன்ன வணங்கின அந்த ஊர் ராஜாகிட்டயே குடுத்ததா அவரோட கல்வெட்டு சொல்லுது, 1090-ல கடாரத்து தூதர்கள் கேட்டுக்கிட்டு குலோத்துங்கன் அந்த நாகப்பட்டினம் பள்ளியோட சலுகைகள மறுபடி உறுதி பண்றாரு. உறவு பழையபடி ஒட்டிக்கிச்சு.

உண்மையா லாபம் பாத்தது வணிகர்கள்தான். 1077-ல சீனாவுக்குப் போன சோழ தூதுக்குழுவுல 72 பேர். சுமத்ராவோட மேற்குக் கரைல பாரூஸ்ங்கற துறைக்குப் பக்கத்துல 1088-ல ஐந்நூற்றுவர் வணிகக் குழு ஒரு கல்வெட்டு நட்டிருக்காங்க, அதுவும் தமிழ்ல. வர்ற மரக்கலத்துக்காரங்க கஸ்தூரி விலைக்குக் கணக்கு பண்ணி பொன் கட்டிட்டுதான் உள்ள வரணும்னு அதுல விதிச்சிருக்காங்க. ஜலசந்தி வாசல்ல ஸ்ரீவிஜயம் வாங்கின மாதிரியே, இப்ப கட்டணம் வாங்கற இடத்துல நம்ம ஆளுங்க.