மணியை யார் அடிப்பது?

முதல்வர் அவர்களுக்கும், நூலகர் அவர்களுக்கும், என்னோடு ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டு இன்று மூக்குக்கண்ணாடியோடு முன்வரிசையில் இருக்கும் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

நம் பள்ளிக்கூடம் இப்போது இல்லை. கல்லூரியோடு சேர்ந்துபோன பிறகு மிஞ்சியவை ஒரு வெண்கல மணி, சேர்க்கைப் பதிவேடுகள், வகுப்புப் படங்கள், கையெழுத்துப் பத்திரிகைகள். இவற்றுக்காகத்தான் நூலகத்தின் இந்த மாடி அறையைப் புதுப்பிக்கப் போகிறோம். படங்களைச் சட்டம் போட்டுச் சுவர் முழுக்க மாட்டிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். நூலகர் தடுத்தார்.

வெளிச்சம் செய்த கெடுதல் திரும்பாது. மங்கிய படத்தை அப்புறம் இருட்டில் வைத்தாலும் தேறாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். பழைய படங்களையும் காகிதங்களையும் பார்வைக்கு வைத்தால் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம் என்பது அருங்காட்சியக வழக்கம். படிக்கிற மேசைக்கோ 300 முதல் 500 லக்ஸ் தேவை. இங்கே பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க வேண்டும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஆகவே சுவரில் நல்ல நகல்கள் தொங்கட்டும். மூலங்கள் அமிலமில்லாத உறைக்குள் பெட்டியில் தூங்கட்டும்.

கையெழுத்துப் பத்திரிகைகளின் பாடுதான் மோசம். மரக்கூழில் செய்த மலிவான காகிதம் அமிலத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. யாரும் தொடாவிட்டாலும் பழுப்பேறி நொறுங்கும். லேமினேட் செய்துவிடலாமே என்றார் நண்பர் ஒருவர். பாசத்தில் செய்கிற கொலை அது! சூடுகாட்டி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு காகிதம் கெடாமல் பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் அப்படித்தான். டேப் உதிர்ந்துவிடும், பசை இறங்கிக் கறையாக நிற்கும்.

அலமாரிகள் வாங்குவதற்கு முன் தளம் பாரம் தாங்குமா என்று பொறியாளர் ஒருவர் பார்க்க வேண்டும். இது வகுப்பறையாகக் கட்டிய அறை. ஒரு மீட்டர் தட்டு நிறையப் புத்தகம் அடுக்கினால் சுமார் 30 கிலோ வரும். ஆறு தட்டு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மாணவர்கள் மணியடித்தால் எழுந்து போய்விடுவார்கள், புத்தகங்கள் போகாது.

பதிவேடுகளைத் திறந்து வைக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் அதில் இருக்கின்றன. மதிப்பெண் பட்டியலும் வேண்டாம். என் கணக்கு மதிப்பெண்ணுக்காகச் சொல்லவில்லை.

உங்களுக்கு ஒரு வேலை உண்டு. படங்களின் நகல்களை வெளியே மேசையில் பரப்பி வைத்திருக்கிறோம். எத்தனையோ முகங்களுக்குப் பெயர் இல்லை. தெரிந்தவர்கள் பக்கத்துத் தாளில் எழுதிக் கொடுங்கள். கடைசி வரிசையில் நிற்பவர்களையும், ஓரத்தில் நிற்கும் காவலாளியையும் விட்டுவிடாதீர்கள்.

சரி, மணியை என்ன செய்வது? கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று ஒரு கட்சி. தினமும் நூலகம் மூடும் நேரத்தில் அடிக்க வேண்டும் என்பது என் கட்சி. நூலகர் இன்னும் சம்மதிக்கவில்லை.