ஜாக்கி கடிவாளத்தை இழுக்கும்போது

எல்லோருக்கும் வணக்கம்.

குதிரைப் பந்தயம் என்றால் நம்மில் பலருக்கும் கிண்டிதான் நினைவுக்கு வரும். அங்கே பார்த்தது சமதள ஓட்டம். குதிரை எதையும் தாண்ட வேண்டியதில்லை. நான் இன்று பேச வந்தது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடக்கிற தடை தாண்டும் பந்தயத்தைப் பற்றி. 1752-ல் அயர்லாந்தின் கார்க் பகுதியில் இரண்டு பேர் ஒரு தேவாலயக் கோபுரத்தில் தொடங்கி அடுத்த ஊர்க் கோபுரம் வரை, குறுக்கே வந்த வேலி, வாய்க்கால் எல்லாவற்றையும் தாண்டிக் குதிரை ஓட்டிப் பந்தயம் வைத்தார்கள் என்பது இதன் பிறப்புக் கதை. இன்று அதன் உச்சம் லிவர்பூல் பக்கத்தில் ஏன்ட்ரீ மைதானத்தில் நடக்கும் கிராண்ட் நேஷனல். ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தூரம், 30 தாண்டல்கள்.

முதலில் உயிர்ச் சேதத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் தடை தாண்டும் பந்தயங்களில் ஆயிரம் முறை குதிரைகள் களமிறங்கினால் ஏறத்தாழ நான்கு உயிர்கள் போகின்றன. பெரும்பாலும் கால் எலும்பு முறிவுதான். கால் முறிந்தால் கட்டுப்போடக் கூடாதா என்று கேட்பீர்கள். ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள உடம்பு அது. நாள்கணக்கில் படுத்துக் கிடக்கவும் முடியாது, மூன்று காலில் நிற்கவும் முடியாது. மீதிக் கால்களின் குளம்புகளும் கெட்டுப்போகும். அதனால்தான் கால்நடை மருத்துவர் அங்கேயே திரை கட்டி அதன் உயிரை முடித்துவிடுகிறார்.

2012 கிராண்ட் நேஷனலில் சிங்க்ரனைஸ்டு என்ற குதிரை ஓடியது. அதற்கு முந்தைய மாதம்தான் இன்னொரு பெரிய தடை தாண்டும் பந்தயமான செல்டன்ஹாம் கோல்டு கப்பை வென்றிருந்தது. ஏன்ட்ரீயில் ஓட்டம் தொடங்கும் முன்பே ஜாக்கியைக் கீழே தள்ளிவிட்டு ஓடியது. பிடித்து வந்து, மருத்துவர் பார்த்து, ஓடலாம் என்றார்கள். பீச்சர்ஸ் புரூக் என்ற தடையில் விழுந்தது, எழுந்தது, முதுகில் ஆள் இல்லாமலே ஓடியது, பிறகு இன்னொரு தடையில் கால் முறிந்தது. அதே ஓட்டத்தில் இன்னொரு குதிரையும் செத்தது.

அதற்குப் பிறகு மாற்றங்கள் வந்தன, உண்மைதான். 2013-லிருந்து அந்தத் தடைகளின் உள்ளே இருந்த மரச் சட்டங்களை எடுத்துவிட்டு வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் வைத்தார்கள். 2024-ல் ஓடும் குதிரைகளின் உச்ச எண்ணிக்கையை 40-லிருந்து 34 ஆக்கினார்கள். தொடக்கத்திலேயே முழு வேகம் பிடித்து வந்து மோதாமலிருக்க முதல் தடையைத் தொடக்க இடத்தை நோக்கி 60 கஜம் நகர்த்தினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு மாற்றம். குதிரையின் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எடுப்பாகத் தெரியாது. எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்து ஆய்வு இதைக் காட்டிய பிறகு, பிரிட்டனில் தடைகளின் ஆரஞ்சுப் பட்டையை வெள்ளையாக மாற்றத் தொடங்கினார்கள். தாண்ட வேண்டியது குதிரை. நிறத்தை மட்டும் இத்தனை காலமும் மனிதக் கண்ணுக்கு ஏற்றபடி பூசி வைத்திருந்தோம்!

சரி, தடையைச் சீர் செய்யலாம். நான் முக்கியமாகப் பேச விரும்புவது சீர் செய்யக் கடினமான ஓர் இடத்தை. சமதள ஓட்டத்தில் அபூர்வமாக நடக்கிற ஒன்று இங்கே அன்றாடம் நடக்கிறது. ஜாக்கி பாதி வழியில் கடிவாளத்தை இழுத்துக் குதிரையை நிறுத்திவிடலாம். முடிவுப் பட்டியலில் அதன் பெயருக்கு நேரே 'பி' என்று ஓர் எழுத்து ('புல்டு அப்', அதாவது இழுத்து நிறுத்தப்பட்டது), அவ்வளவுதான். களைத்த குதிரைக்கு மனிதன் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான். ஆனால் தோற்க வேண்டும் என்று யாரோ முன்கூட்டியே முடிவுசெய்துவிட்ட குதிரையும் இதே மாதிரிதான் நிற்கும். பார்வையாளர் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

2018 அக்டோபரில் அயர்லாந்தின் டிராமோர் மைதானத்தில் வைக்கிங் ஹோர்டு என்ற குதிரை அப்படி நின்றது. சோதித்தபோது உடம்பில் அசெப்ரோமசின் இருந்தது. குதிரையைச் சாந்தப்படுத்த மருத்துவர்கள் கொடுக்கிற மயக்க மருந்து அது. பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் லாயத்தில் அதைத் தனியே விட்டுப் போயிருந்தார்கள். அதே நேரத்தில், இந்தக் குதிரை தோற்கும் என்று இணையப் பந்தயச் சந்தையில் ஒருவர் பெரும் பணம் கட்டியிருந்தார். குதிரை ஜெயிக்கும் என்று புக்கியிடம் பணம் கட்டுவதுதான் பழைய வழக்கம். தோற்கும் என்று பணம் கட்டுகிற வசதியைச் சாதாரண ஆள் கைக்குக் கொண்டுவந்தது 2000-ல் தொடங்கிய பெட்ஃபேர் போன்ற சந்தைகள். ஒரு குதிரையை ஜெயிக்க வைப்பது யார் கையிலும் இல்லை. தோற்க வைக்க ஓர் ஊசி போதும்.

அந்த மருந்தோடு அந்தக் குதிரையைத் தடை தாண்ட அனுப்பியிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். முதுகில் ஒரு மனிதன் வேறு. பணத்தில் நடந்த மோசடியை ஒரு குற்றமாகவும், உயிருக்கு வந்த ஆபத்தை வேறொரு விஷயமாகவும் பிரித்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியாதது இதனால்தான்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2025 கிராண்ட் நேஷனலில் செலிப்ர டாலன் என்ற 13 வயதுக் குதிரை ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் முன்வரிசையில் இருந்தது. அப்புறம் சட்டென்று தளர்ந்தது. ஜாக்கி நிறுத்தவில்லை. கடைசித் தடையைத் தாண்டிய பிறகு சரிந்து விழுந்தது. பிறகு நுரையீரலில் தொற்று கண்டு, சில நாள்களில் இறந்துபோனது. குதிரையிடம் இனி தெம்பில்லை என்று தெரிந்தும் ஓட்டினார் என்று சொல்லி நடுவர்கள் அந்த ஜாக்கிக்கு 10 நாள் தடை விதித்தார்கள்.

தடை நியாயமானதுதான் என்பது என் கருத்து. ஆனால் அந்த ஜாக்கியின் நிலையையும் யோசியுங்கள். முடிந்தவரை நல்ல இடத்துக்குக் குதிரையைக் கொண்டுவர முயல வேண்டும் என்று விதி இருக்கிறது. காரணமில்லாமல் நிறுத்தினால் விசாரணை. நிறுத்தாவிட்டால் தண்டனை. ஓட்டம் சூதாட்டக்காரர்களின் கைக்குப் போகப் போக, இரக்கப்பட்டு நிறுத்துகிற நேர்மையான ஜாக்கியின் மேலும் சந்தேகம் விழும். சந்தேகத்துக்குப் பயந்து அவர் இன்னும் ஒரு தடை, இன்னும் ஒரு தடை என்று ஓட்டுவார். விலை கொடுப்பது குதிரை.

இந்தப் பந்தயத்தையே நிறுத்த வேண்டும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2023-ல் ஏன்ட்ரீயில் வேலியேறி ஓட்டத்தைத் தாமதப்படுத்தினார்கள்; நூறு பேருக்கு மேல் கைதானார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நடத்தத்தான் போகிறோம் என்றால், நிறுத்தப்பட்ட ஒவ்வொரு குதிரையையும் அன்றைக்கே மருத்துவர் பார்த்து, என்ன கண்டார் என்பதை முடிவுப் பட்டியலில் அந்த 'பி' எழுத்துக்குப் பக்கத்திலேயே எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டும். நேர்மையாக நிறுத்திய ஜாக்கிக்கு அதைவிடப் பெரிய காவல் இல்லை.

வைக்கிங் ஹோர்டு வழக்கில் குதிரையைச் சரியாகக் காக்கவில்லை என்று பயிற்சியாளருக்கு ஆறு மாதத் தடை கிடைத்தது 2021-ல். ஓட்டம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மருந்து கொடுத்தவர் யார் என்பதை அந்த விசாரணையால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், இரத்தச் சோதனை முடிவும் பந்தயச் சந்தையின் கணக்கும் ஒரே வாரத்தில் ஒரே மேசைக்கு வந்தாக வேண்டும்.